ரிச்சி தெருவில் ஒரு மதர்போர்டு

எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டோ பிடித்துவிடுகிறார்கள். நடந்துதான் போக வேண்டும் என்பது என் கட்சி. வழியில் புதுப்பேட்டை வருகிறது. கார், வேன், பைக் என்று எந்த வண்டியின் உதிரிபாகமும் கிடைக்கிற தெருக்கள் அவை. கடை திறக்கும் நேரத்தில் போனால் கியர்பாக்ஸ்களையும் கதவுகளையும் வெளியே இழுத்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு வாசலில் சைலன்சர்கள், அடுத்ததில் ஸ்டியரிங்குகள், அதற்கடுத்ததில் ஹெட்லைட்டுகள் மட்டும். கிரீஸும் துருவும் கலந்த வாசனையைத் தாண்டிக் கூவத்தின் மேல் ஏறி இறங்கினால் சிந்தாதிரிப்பேட்டை. ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடும் இந்த இடத்தில் 1730களில் நெசவாளர்களைக் குடியமர்த்தியது கிழக்கிந்தியக் கம்பெனி. இன்று அதன் அண்ணா சாலை ஓரத்தில்தான் ரிச்சி தெரு. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பது ஒரே தொழில் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஒன்றிலிருந்து கழற்றியது இன்னொன்றுக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிற தொழில்.

கும்பகோணத்தில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடியுமுன் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் எழும்பூர் வந்திருந்தோம், நானும் அக்கா மகளும். இரவு முழுக்க அவள் கைப்பையைத் தலைக்கு வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இன்டெல் ஐ5-8400 பிராசசர், எட்டு ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, விரல் நீளத்துக்கு ஒரு எம்.2 எஸ்எஸ்டி. மழைக்காலத்து இடி ஒன்று இன்டர்நெட் கம்பி வழியாக வந்து எங்கள் பழைய மேசைக் கணினியின் மதர்போர்டை மட்டும் சுட்டுவிட்டுப் போயிருந்தது. என் கணக்கு வேலை நிற்கக்கூடாதென்று நான் புதுக் கணினி வாங்கிவிட்டேன். பழையதில் உயிரோடு இருந்த பாகங்கள் பீரோவில் கிடந்தன. இப்போது அவள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், புரோகிராம் எழுதிப் பார்க்கத் தனியாக ஒரு மெஷின் வேண்டும். வீட்டுக்கு இரண்டாவது கணினி. வாங்க வேண்டியது மதர்போர்டு ஒன்றுதான்.

ஒன்றுதான் என்பதால் சுலபம் என்று நினைத்துவிட முடியாது. முதல் கணினி வாங்கும்போது எல்லாமே புதியது, கடைக்காரரே ஒரு செட்டாகப் பொருத்திக் கொடுத்துவிடுவார். இரண்டாவதை வீட்டில் இருப்பதைக் கொண்டு கட்டும்போது, இருக்கிற ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. பிராசசருக்குச் சாக்கெட்டும் சிப்செட்டும் சரியாக இருக்க வேண்டும். ராமுக்கு அதன் தலைமுறை. கேபினெட்டுக்குத் திருகு துளைகளின் இடம். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மின் இணைப்பு. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மானிட்டருக்கு விஜிஏ போர்ட். இத்தனை பேரையும் சமாதானப்படுத்துகிற ஒரு பலகையைத் தேடித்தான் வந்திருந்தோம். ஆகவே மதர்போர்டைக் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு. அவள் ரயிலில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். கேபினெட்டின் உட்புற அளவைக்கூட டேப் வைத்து அளந்திருந்தாள்.

ரிச்சி தெரு என்று சொன்னாலும் அது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்த ஒரு கொத்து. ரேடியோவும் டிவியும் பழுது பார்த்த காலத்திலிருந்தே உதிரிபாகங்களுக்குப் பேர்போன இடம். கன்டென்சர், டிரான்ஸ்பார்மர் விற்ற கடைகளின் மேலேயே கணினிக் கடைகள் முளைத்தன, அவற்றின் வாசலில் செல்போன் கடைகள், இப்போது எங்கே பார்த்தாலும் சிசிடிவி கேமரா. தெருவுக்குள் நுழைந்த உடனே இரண்டு பக்கமிருந்தும் குரல்கள். "என்ன சார் வேணும்? லேப்டாப்பா? கேமராவா? சர்வீஸா?" தள்ளுவண்டி ஒன்று அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு நடுவில் வர, எல்லோரும் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் இருக்காது என்பதால் சனிக்கிழமைக் கூட்டம் எப்போதும் கூடுதல். நாங்கள் வார நாளில்தான் வந்திருந்தோம், ஆனாலும் பதினொரு மணிக்கெல்லாம் நெரிசல்.

முதல் கடையில் பையன் ஒருவன் பிராசசரின் டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு போர்டை எடுத்து வந்து மேசையில் வைத்தான்.

"ஆயிரத்து நூத்தி அம்பத்தொண்ணு தானே சார்? இதுவும் அதே சாக்கெட்டுதான். டிடிஆர்4. உங்க ராம் அப்படியே உக்காரும். கண்ண மூடிட்டு எடுங்க."

அக்கா மகள் போர்டைத் திருப்பிப் பார்த்தாள். "அண்ணா, இது எச்110. எட்டாம் தலைமுறை இதுல ஓடாதே?"

"உக்காருதும்மா, பாருங்க."

உட்காரும் என்பது உண்மைதான். இந்தத் தெருவில் மதர்போர்டு தேடுகிற எவரும் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. 2015இல் ஆறாம் தலைமுறை பிராசசர்களோடு இன்டெல் கொண்டுவந்த சாக்கெட் எல்ஜிஏ 1151. எச்110, பி150, இசட்170 எல்லாம் அந்தக் காலத்து சிப்செட்டுகள். 2017 தொடக்கத்தில் ஏழாம் தலைமுறை வந்தது, கூடவே பி250, இசட்270. அதே ஆண்டு அக்டோபரில் எட்டாம் தலைமுறை. இந்தச் சாக்கெட்டில் அதுவரை நான்கு கோர்களோடு நின்றிருந்த ஐ5, ஐ7 வரிசை அதில்தான் ஆறு கோர்களுக்கு உயர்ந்தது. கூடுதல் கோர்களுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும் என்று, முன்பு ஒதுக்கி வைத்திருந்த சில தொடுமுனைகளை மின்சாரத்துக்கும் எர்த்துக்கும் மாற்றிக்கொண்டார்கள். எண்ணிக்கை அதே 1151. சில்லின் அளவும் மாறவில்லை, ஓரத்து வெட்டும் அதே இடத்தில். கையில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் எட்டு, ஒன்பதாம் தலைமுறைகளுக்கு 300 வரிசை சிப்செட் வேண்டும்: எச்310, பி360, பி365, எச்370, இசட்370, இசட்390. பழைய போர்டில் வைத்தால் உட்காரும், விசிறி சுற்றும், திரை மட்டும் வராது.

பயாஸைத் திருத்தி, சில தொடுமுனைகளை டேப் போட்டு மறைத்து, பழைய இசட்170 போர்டுகளில் எட்டாம் தலைமுறையை ஓட்டிக் காட்டிய ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுமையை மதிக்கிறேன். கல்லூரிப் பெண்ணின் அன்றாட வேலைக்கு அது வழி இல்லை. சாக்கெட்டின் எண் எத்தனை முனைகள் என்பதை மட்டும் சொல்கிறது, எந்த முனைக்கு எந்த வேலை என்பதைச் சொல்வதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் அலைச்சல்தான். 1151 என்ற எண்ணோடு வேறு ஏதாவது ஒரு அடையாளத்தையும் இன்டெல் சேர்த்திருக்கலாம் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. இத்தனை வருடம் கழித்துப் பழைய பொருள்களை வைத்துச் சிக்கனமாகக் கணினி கட்டுகிறவர்கள்தான் அந்தக் குழப்பத்தின் விலையைக் கொடுக்கிறார்கள்.

அந்தப் பையனிடம் கோபம் வரவில்லை. அவள் அவனுக்கு விளக்கினாள், அவன் கேட்டுக்கொண்டு, "அப்ப எச்310 வேணும்மா. நம்மகிட்ட இல்ல. பக்கத்து சந்துல மாடியில கேளுங்க" என்றான்.

பக்கத்துச் சந்துக்குப் போவதற்குள் இன்னொரு பெரிய கடையில் வேறு யோசனை சொன்னார்கள். பழையதையெல்லாம் விட்டுவிடுங்கள், எச்610 போர்டும் ஐ3-12100உம் சேர்த்து எடுங்கள், உங்கள் ராமை அதில் போட்டுக்கொள்ளலாம். இதை உதறித் தள்ள முடியாது. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3க்கு நான்கு கோர்தான் என்றாலும், ஆறு கோர் ஐ5-8400ஐ விட அது பெரும்பாலான வேலைகளில் வேகமானது. எல்ஜிஏ 1700 சாக்கெட் என்பதால் பின்னால் பதினான்காம் தலைமுறை வரை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எச்610 என்ற ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இரண்டு ராமிலும் முனைகள் 288, ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் ஏறாது. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் வாங்கினால் ராமையும் புதிதாக வாங்க வேண்டிவரும்.

ஏஎம்டி பக்கம் போயிருந்தால் இந்தக் கதையே வேறாக இருந்திருக்கும். 2017இல் முதல் ரைசன் வந்த ஏஎம்4 சாக்கெட்டுக்கு, பயாஸைப் புதுப்பித்து, பல போர்டுகளில் 5000 வரிசை வரை போட முடிந்தது. ஒரு சாக்கெட்டை அத்தனை வருடம் தாங்கிப் பிடித்ததற்காக அந்த நிறுவனத்தை நான் மனமாரப் பாராட்டுவேன். ஆனால் எங்கள் கையில் இருந்தது இன்டெல்.

"மாமா, புதுசே எடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு என்ன வேலை என்று கணக்குப் போட்டோம். பைத்தான், சி, கொஞ்சம் ஜாவா, நிறைய பிரவுசர் டேப், ஒரு வர்ச்சுவல் மெஷின். ஆறு கோரும் பதினாறு ஜிபியும் இதற்குத் தாராளம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11இன் பட்டியலில் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை இருக்கிறது. ஒரு தலைமுறை பழையதாக இருந்திருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன். நன்றாக ஓடுகிற பிராசசரையும் ராமையும் குப்பையாக்கிவிட்டு இன்னொன்று வாங்குவதற்கு எங்களிடம் நியாயமான காரணம் இல்லை. காசும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாடிக்கடைக்காரர் அறுபதைத் தொட்டவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்கள் நோட்டுப் பக்கத்தைப் படித்தார். முதலில் ஒரு போர்டைக் காட்டி, "இது ஆபீஸ்ல இருந்து கழட்டினது. பெரிய கம்பெனி மெஷின். உங்க பிராசசர் ஓடும், விலையும் கம்மி. ஆனா எடுக்காதீங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவரே மின் இணைப்பைக் காட்டினார். சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் பிளக் அதில் ஏறாது. அலுவலகக் கணினிகளைத் தயாரிப்பவர்கள் பலர் தங்களுக்கென்று தனி இணைப்பு வைத்துக்கொள்கிறார்கள், கேபினெட்டின் பவர் சுவிட்சுக்குக்கூடத் தனி வடிவம். அதற்கு மாற்று கேபிள் உண்டு, ஆனால் திருகு துளை பொருந்தாது, பின்பக்கத் தகடு பொருந்தாது. விற்றால் லாபம் தரக்கூடிய பொருளைக் காட்டி, வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதரிடம் வாங்குவதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மேசைமேல் இரண்டு வந்தன. ஒன்று, அதிகம் கேள்விப்படாத பெயரில் புது எச்310. இன்னொன்று தைவான் நிறுவனம் ஒன்றின் பழைய பி360. ஆசுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் என்று இங்கே அடுக்கியிருக்கும் பெட்டிகளின் பெயர்களெல்லாம் தைவானுக்குச் சொந்தம்.

புதியதா பழையதா என்று முதலில் மனம் புதியதன் பக்கம்தான் சாய்ந்தது. பிறகு சிப்செட்டைப் பார்க்கத் தொடங்கினோம். எச்310 மலிவுக்காகவே செய்யப்பட்டது. ஒரு சேனலுக்கு ஒரு ராம் மட்டும் என்பதால் ஸ்லாட் இரண்டுதான். எங்களிடம் இருக்கும் இரண்டையும் போட்டுவிட்டால் பின்னால் சேர்க்க இடமில்லை. அந்த சிப்செட் தரும் பிசிஐஈ பாதைகள் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவை, எனவே எம்.2 எஸ்எஸ்டி பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். சில மலிவு போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டே இருப்பதில்லை, இருந்தாலும் சில சமயம் சாட்டா வகையை மட்டும் ஏற்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் அந்த ஸ்லாட்டில் என்விஎம்ஈ எஸ்எஸ்டியைச் செருகினால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. பி360இல் பாதைகள் மூன்றாம் தலைமுறை, இந்தப் போர்டில் ராம் ஸ்லாட் நான்கு.

அவள் பி365 இருக்கிறதா என்றும் கேட்டாள், எண் பெரிதாயிற்றே என்று. கடைக்காரர் சிரித்தார். பி365 பின்னால் வந்ததுதான், ஆனால் பழைய 22 நானோமீட்டர் முறையில் செய்தது. பாதைகள் அதிகம், 12க்கு 20. அதே சமயம் பி360இல் உள்ளடங்கிய வேகமான யூஎஸ்பி 3.1 ஜென்2 அதில் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு மூன்று எஸ்எஸ்டி என்று அடுக்கப் போகிறவர்களுக்கு அது நல்லது. எங்களுக்கு எது கிடைக்கிறதோ அது.

இன்னொரு சின்ன விஷயத்தையும் அவர்தான் காட்டினார். மைக்ரோ ஏடிஎக்ஸ் என்றால் 244க்கு 244 மி.மீ. என்பது மேல் வரம்பு. மலிவு போர்டுகள் அகலத்தில் குறைந்து, கேபினெட்டின் வலது வரிசைத் திருகுகளை எட்டாமல் நின்றுவிடுகின்றன. ராமும் 24 பின் பிளக்கும் இருப்பது அந்த ஓரத்தில்தான். அழுத்திச் செருகும்போது தாங்க ஒன்றுமில்லாமல் பலகை வளைகிறது. பி360 முழு அகலம். "உங்க கேபினெட்ல மத்த இடத்துல ஏற்கெனவே பித்தளை ஸ்டாண்ட் இருந்தா கழட்டிடுங்க சார். துளை இல்லாத இடத்துல அது நின்னா பின்னாடி ஷார்ட் ஆயிடும்" என்றார்.

உடனே வாங்கவில்லை. போர்டின் மாடலையும் மூலையில் அச்சிட்டிருந்த ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று இறங்கினோம். அவர் முகம் சுளிக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மே தினப் பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் சிபியு சப்போர்ட் லிஸ்ட்டைத் திறந்தாள். என் அனுபவத்தில் கடைசி வார்த்தை இந்தப் பட்டியலுடையதுதான். நண்பர் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்பதெல்லாம் அதற்கு முந்தியவை. எந்த பிராசசர், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று ஒவ்வொன்றாக அதில் இருக்கும். ரிவிஷன் மாறினால் பட்டியலும் மாறும். ஐ5-8400க்கு முதல் பயாஸே போதும் என்றிருந்தது. ஒன்பதாம் தலைமுறை பிராசசராக இருந்தால் பயாஸைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று கேட்டே வாங்க வேண்டும், ஏனென்றால் அதைப் புதுப்பிக்கவும் ஓடுகிற ஒரு பிராசசர் பெரும்பாலும் தேவைப்படும்.

திரும்பிப் போனதும் சாக்கெட்டைத் திறந்து காட்டச் சொன்னோம். இன்டெல்லில் பிராசசரின் அடியில் தட்டையான தங்க முகங்கள்தான். வளைந்து நிற்கும் மெல்லிய ஊசிகள் போர்டில் இருக்கின்றன. பழைய போர்டில் சேதம் முதலில் வருவது இங்கேதான். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஊசிகள் வரிசையாக ஒரே சாய்வில் மின்ன வேண்டும், ஒன்று விலகியிருந்தால் அந்த இடம் மட்டும் இருண்டு தெரியும். அவள் நான்கு பக்கமிருந்தும் பார்த்தாள். பிறகு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, எங்காவது சூடு வைத்து ஒட்டிய அடையாளம் இருக்கிறதா என்று.

கடைக்காரர் பிராசசரை வைத்து, கொஞ்சம் பேஸ்ட் தடவி, விசிறி மாட்டி, மேசையிலிருந்த எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின்னையும் 8 பின்னையும் செருகினார். ஸ்குரூ டிரைவர் முனையால் பவர் பின்கள் இரண்டையும் தொட்டார். விஜிஏ வழியாகத் திரை வந்தது. பிராசசருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் தனி கார்டு தேவைப்படவில்லை. மாடல் எண்ணின் கடைசியில் எஃப் இருக்கிற பிராசசர்களில் அது கிடையாது, அவற்றை வைத்திருப்பவர்கள் கார்டுக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும். பயாஸில் ராம் 16 ஜிபி என்று காட்டியது. மீதி இரண்டு ஸ்லாட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று ராமை மாற்றிப் போடச் சொன்னாள். மாற்றிப் போட்டார். எஸ்எஸ்டியின் பெயரும் வந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம்முக்காக இன்டெல் பிடிடி என்ற வரியைத் தேடி அதை இயக்கி வைத்தாள். அது இருந்தும் அணைத்தே கிடப்பதால், கணினி தகுதியில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

"எந்தக் காலேஜ் பாப்பா?" என்று கேட்டார். சொன்னாள். "கம்ப்யூட்டரா?" "இல்லண்ணே, சிவில்." அவர் என்னைப் பார்த்தார், பிறகு விலையில் முந்நூறு ரூபாய் தானாகவே குறைத்துக்கொண்டார்.

புது எச்310ஐ விட அது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு மாதம் டெஸ்டிங் வாரண்டி, அதற்குமேல் கிடையாது என்பதை அவர் மறைக்கவில்லை. பில்லில் மாடல் பெயரோடு ரிவிஷனையும் சீரியல் நம்பரையும் எழுதச் சொன்னோம். பின்பக்கத் தகடு காணவில்லை என்று அவள் சொன்னதும், அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துக் கொட்டினார். ஐம்பது அறுபது தகடுகள் சலசலவென்று விழுந்தன. விஜிஏ, எச்டிஎம்ஐ, யூஎஸ்பி துளைகளை ஒவ்வொன்றாகப் போர்டின் பின்னால் வைத்துப் பார்த்து, சரியானதை அவளே தேடி எடுத்தாள்.